வாசகர் கேள்வி பதில்: கொரியாவுக்குப் புறப்படுமுன்

கேள்வி: மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செப்டம்பர் கடைசியில் சோல் நகருக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அந்நேரத்தில் பெரிய பண்டிகை வரும் என்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போடலாமா? அங்குள்ளவர்களிடம் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
- வாசகி, பொங்கோல்

பதில்: தள்ளிப்போட வேண்டியதில்லை. அந்தப் பண்டிகையின் பெயர் சூசோக். சிங்கப்பூரில் நம் சீன நண்பர்கள் மூன்கேக் பரிமாறி விளக்குத் திருவிழா கொண்டாடும் அதே பௌர்ணமியில்தான் அதுவும் வருகிறது. சில ஆண்டுகளில் அக்டோபருக்குத் தள்ளிப்போவதும் உண்டு. ஆனால் இங்கே சைனாடவுனில் காண்பதுபோன்ற தெருக்கூட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சூசோக் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. அன்று காலையில் புது அரிசிச் சோறும் பழங்களும் மதுவும் முன்னோருக்குப் படைத்துக் குடும்பமே தரையில் விழுந்து வணங்கும். முன்னோரின் கல்லறைகளில் வளர்ந்த புல்லை வெட்டிச் சீர்செய்வதும் பண்டிகைக் கடமைகளில் ஒன்று.

அன்றைய பலகாரமான சோங்பியோனைச் சுவைக்காமல் திரும்பிவிடாதீர்கள். அரிசிமாவைக் கிண்ணம்போலக் குழித்து, எள்ளும் இனிப்பும் கலந்த பூரணத்தையோ பயற்றையோ உள்ளே வைத்து, பிறைநிலா வடிவில் விளிம்பை அழுத்தி மூடுவார்கள். நம் பூரணக் கொழுக்கட்டையேதான். ஆவியில் வேகவைக்கும்போது அடியில் பைன் ஊசியிலைகளைப் பரப்புவதால் அந்த வாசனை மாவில் ஏறிவிடும். இதை அழகாகப் பிடிப்பவருக்கு அழகான மகள் பிறப்பாள் என்று அங்குள்ள பாட்டிமார் சொல்வதுண்டு.

பண்டிகைக்காக மூன்று நாள் பொதுவிடுமுறை. தலைநகரத்தவர் பெருந்திரளாகச் சொந்த ஊர்களுக்குப் போவதால் அதிவேக ரயில் சீட்டுகள் வெகு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும்; சிறிய உணவகங்கள் பலவும் மூடியிருக்கும். ஆகவே அந்நாள்களில் வெளியூர் செல்லாமல் சோலிலேயே தங்கி, 1395இல் கட்டப்பட்ட கியோங்போக்குங் அரண்மனையைப் பாருங்கள். ஹான்போக் என்னும் மரபுடை அணிந்து வருவோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அருகிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு நீங்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, அங்கே எதிலும் மூத்தவருக்கே முதலிடம் என்பதுதான். மேசையில் வயதில் பெரியவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் உண்ணத் தொடங்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரு கைகளையும் பயன்படுத்த வேண்டும், அல்லது வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். வலக்கையால் கொடுத்தால் போதும் என்று பழகிய நம் பிள்ளைகள் இதை எளிதில் மறந்துவிடுவார்கள். இங்கே சீன நண்பர்களைப் பார்த்துச் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்ணும் பழக்கமிருந்தால் அங்கே அதை விட்டுவிடச் சொல்லுங்கள். கிண்ணம் மேசையிலேயே இருக்க, சோற்றைக் கரண்டியாலும் தொடுகறிகளை உலோகக் குச்சிகளாலும் உண்பதே அவர்கள் வழக்கம். கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது இறந்தோருக்குப் படைக்கும் முறை என்பதால் அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ரயில் பெட்டியின் ஓரங்களில் முதியோருக்கென ஒதுக்கிய இருக்கைகள் காலியாகவே இருந்தாலும் இளையோர் அமர்வதில்லை. உங்கள் மாமியார் தயங்காமல் அமரலாம். அவருடைய வயதை யாரேனும் கேட்டால் தவறாக எண்ண வேண்டாம். எவ்வளவு மரியாதையோடு பேசுவது என்பதை வயதை வைத்தே அவர்கள் முடிவுசெய்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஒரு வாரம் சமாளிக்க முடியுமா?
- வாசகர், ஈசூன்

பதில்: முடியும், ஆனால் காய்கறியாகத் தெரிவதெல்லாம் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். காரமாக ஊறவைத்த காய்கறியான கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட கூனிறாலோ நெத்திலிச் சாறோ சேர்ந்திருக்கும். பலவகைச் சூப்புகளுக்கு அடிப்படையே நெத்திலி வெந்த நீர்தான். பிபிம்பாப் என்னும் கலவைச் சோற்றை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்டு வாங்கலாம் என்றாலும், கலந்து தரும் மிளகாய் விழுதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று விசாரிப்பது நல்லது.

உங்களுக்கு நான் மனமார முன்மொழிவது பௌத்த ஆலய உணவு. இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் பூண்டு, வெங்காயம் முதலிய ஐந்து காரவகைகளையும் அந்தச் சமையலில் விலக்குகிறார்கள். சோலில் ஜோக்யேசா ஆலயத்தைச் சுற்றி இதற்கெனவே உணவகங்கள் உள்ளன. 2002 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியையொட்டித் தொடங்கிய ஆலயத் தங்கல் திட்டத்தில் சேர்ந்தால் துறவிகளுடனேயே உண்ணலாம். மரபு முறையில் ஆளுக்கு நான்கு கிண்ணங்கள் தருவார்கள். பேசாமல் உண்டு, ஒரு பருக்கையும் மிச்சமின்றிக் கிண்ணத்தை நீரால் கழுவி, அந்த நீரையும் குடித்துவிட வேண்டும். ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே விடியுமுன் எழுந்து வழிபடும் அந்த ஒரு நாளுக்காகவே கொரியாவுக்குப் போகலாம் என்பேன்.

கேள்வி: உணவகங்களில் டிப்ஸ் தர வேண்டுமா?
- வாசகர், ஜூரோங்

பதில்: வேண்டாம். அங்கே அந்த வழக்கமில்லை.

கேள்வி: தமிழ் இளவரசி ஒருவர் கொரியாவின் அரசியானார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: இரியோன் என்ற துறவி 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'சம்குக் யுசா' என்ற நூலில் இந்தக் கதை இருக்கிறது. ஹோ ஹ்வாங்-ஓக் என்னும் பதினாறு வயது இளவரசி ஆயுதா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்து, கி.பி. 48இல் அன்றைய கொரியாவில் இருந்த கயா நாட்டு மன்னர் சுரோவை மணந்தார் என்பது அது. அந்த ஆயுதாவைப் பலர் அயோத்தி என்கிறார்கள். தமிழ் ஆர்வலர் சிலர் பாண்டிய நாட்டோடு இணைக்கிறார்கள். இரண்டுக்கும் உறுதியான சான்று கிடைத்ததில்லை. எனவே அவரைத் தமிழர் என்று அடித்துச் சொல்வது முறையாகாது. ஆனால் கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ என்ற குலத்தார் இன்றும் அவரைத் தங்கள் மூதாதையாக வணங்குகிறார்கள் என்பதும், ஒரே தாய்வழி என்று கருதி அவ்விரு குலத்தாரும் தமக்குள் மணம் செய்துகொள்ளாத மரபு இருந்தது என்பதும் உண்மை. புசானுக்குப் போனால் இலகு ரயிலில் கிம்ஹே நகருக்குச் சென்று அரசியின் சமாதி மேட்டைப் பார்க்கலாம். கடல் சீற்றம் தணிய அவர் கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்லப்படும் கற்களாலான சிறிய கோபுரமும் அங்கேயே இருக்கிறது.