பான்டானி ஊக்கமருந்தில் பிடிபட்டாரா?

1999-ல் இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவிலிருந்து இத்தாலிய வீரர் மார்கோ பான்டானியை வெளியேற்றியது ஊக்கமருந்துக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். கறாராகச் சொன்னால், இல்லை.

இ.பி.ஓ. என்ற ஊக்கமருந்தை ஊசியாகப் போட்டால் சிவப்பணுக்கள் பெருகும், தசைகளுக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போகும். ஆனால் ரத்தம் கெட்டியாகி, உறையும் அபாயமும் வரும். அப்போது அதைக் கண்டுபிடிக்கச் சோதனையே கிடையாது. அதனால் 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. ஒரு கோடு போட்டது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் சுமார் இரண்டு வாரம் பந்தயம் கிடையாது. பெயர் தண்டனை அல்ல, 'உடல்நலப் பரிசோதனை'!

1999 ஜூன் 5 காலை, இத்தாலியின் மலை ஊரான மடோனா டி காம்பிலியோ. முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி பான்டானியிடம். பந்தயம் முடிய இரண்டே நாள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 52 சதவீதம். அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் கோடே ஒரு அனுமதிச் சீட்டாகிவிட்டது. இயல்பில் 43 இருப்பவர் 49 வரை ஏற்றிக்கொள்ளலாமே! பரிசோதகர் கதவைத் தட்டினால் உப்புநீர் டிரிப் ஏற்றி ரத்தத்தை நீர்க்க வைத்தவர்களும் உண்டு.

இ.பி.ஓ.வுக்கான சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. அப்புறம் 2008-ல், ஒவ்வொரு வீரரின் ரத்த அளவுகளையும் தொடர்ந்து பதியும் உயிரியல் பாஸ்போர்ட்.