நாடு முழுக்க மதுவிலக்கு வந்தால் என்ன ஆகும்?

"நாடு முழுக்க ஒரே நாளில் கடையை மூடிவிட்டால் குடி ஒழிந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்து ஏகாம்பரக்குப்பத்துக்காரன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, நைனாவுக்குத் தறி வேலை. 1995 ஜனவரியில் என்.டி. ராமாராவ் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

ராமாராவ் தானாக யோசித்துச் செய்ததில்லை அது. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் சாராயம் நின்றது. பிராந்தி, விஸ்கியையும் நிறுத்துகிறேன் என்று சொல்லித்தான் ராமாராவ் அடுத்த தேர்தலில் ஜெயித்தார்.

முதல் சில மாதம் நன்றாகவே இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமைக் கூலி முழுசாக அம்மா கைக்கு வந்தது. அப்புறம் நைனாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. வாரம் தவறாமல் திருத்தணி முருகனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். தெருவில் பாதி ஆம்பிளைகளுக்கு அதே பக்தி. திருத்தணி தமிழ்நாடாயிற்றே, அங்கே பிராந்திக் கடை திறந்துதான் இருந்தது. வரும்போது நூல் கட்டுக்கு நடுவில் குவார்ட்டர் பாட்டில்களைச் செருகிக்கொண்டு வருவார்கள். பாட்டில் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாது. செக்போஸ்ட்டில் தட்டிப் பார்த்தாலும் மெத்தென்றுதான் இருக்கும்.

சரி, அது ஒரு மாநிலம். நாடே மூடினால்? அமெரிக்கா 1920இலிருந்து 1933 வரை மூடிப் பார்த்தது. அவர்களுக்குத் திருத்தணி மாதிரி கனடா. உள்ளூரிலேயே டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் விஸ்கி கிடைத்தது. தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாதென்று அரசாங்கமே விஷம் கலக்கவைத்தது. அதையும் குடித்துச் செத்தார்கள். கள்ளச் சாராயம் விற்றே பெரிய ஆளான சிகாகோ தாதா அல் கபோன் கதை உங்களுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால் இதில் குடிகாரனைவிடக் கஜானாவைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1913இலேயே வருமான வரிக்கு வழி செய்துவிட்டார்கள், அந்தத் தைரியத்தில்தான் மூட முடிந்தது. பொருளாதாரம் படுத்து அந்த வரி வற்றியதும் பீர் திரும்பி வந்தது. ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கை ஆரம்பித்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். 1971இல் மதுவிலக்கை எடுத்தார்கள், வரியை மட்டும் எடுக்கவில்லை! ஆந்திராவில் அப்படி ஒரு மாற்று ஏற்பாடு இல்லை. 1997இல் சந்திரபாபு நாயுடு தடையைத் தளர்த்திவிட்டார்.

எங்கள் ஊரிலேயே கடை வந்தது. அந்த வாரமே நைனாவின் திருத்தணிப் பயணம் நின்றது. "ஏன், கிருத்திகைக்குக்கூடப் போகலையா?" என்று அம்மா கேட்டதற்கு, தறியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "முட்டி வலி. அத்தனை படி ஏற முடியலை."

ஒரு தடவையாவது மலையேறினாரா என்று அம்மா கேட்கவில்லை.