கேள்வி-பதில்: கடிதத்தில் நடந்த பண்ணை

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில நிலச்சுவான்தார்கள் கடிதம் எழுதியே பண்ணையை நடத்தினார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். போன்கூட இல்லாமல் எப்படி முடிந்தது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பல சமயம் முடியவில்லை ஐயா! போன் இருந்தால் மட்டும் முடிந்துவிடுமா? வெளியூரிலிருந்து பத்து வருஷம் போனிலேயே எங்கள் கிராமத்து வீட்டைப் பராமரித்தவன் நான். "எல்லாம் நல்லா இருக்கு" என்பார்கள். நேரில் போனால் நிலைக்கதவில் பாதி கரையான் வயிற்றில்.

ரால்ஃப் வெர்னி கதையைக் கேளுங்கள். பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் என்ற இடத்தில் பரம்பரைப் பண்ணை. அப்போது அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். அப்பா, அரசர் சார்லஸின் கொடியைச் சுமந்து 1642இல் எட்ஜ்ஹில் சண்டையில் செத்தவர். மகன் நாடாளுமன்றத்தின் பக்கம். ஆனால் நாடாளுமன்றம் நீட்டிய மத உடன்படிக்கையில் கையெழுத்துப் போட மனசாட்சி இடம் தரவில்லை. 1643இல் பிரான்சுக்குக் கிளம்பிவிட்டார். பிற்பாடு புளுவா நகரில் குடியிருந்தார். இங்கிலாந்தில் நாடாளுமன்றம் அவர் சொத்தை முடக்கியது.

கிளேடனில் காரியஸ்தர் வில்லியம் ரோட்ஸ் இருந்தார். குத்தகை, கடன், வீட்டுச் சாவி என்று எல்லாவற்றுக்கும் தாளில்தான் பேச்சு. இதில் ஒரு வேடிக்கை: பிரான்சு புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து மாறவில்லை. புளுவாவில் 20ஆம் தேதி என்றால் கிளேடனில் அன்று 10தான். இங்கிலாந்தில் வருஷம் பிறப்பதே மார்ச் 25. தேதியைச் சரியாகப் படிக்கத் தெரியாவிட்டால், எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்றே புரியாது.

சொத்து முடக்கத்தைக் கடிதத்தால் நீக்க முடியவில்லை. குடும்பத்து டாக்டர் வில்லியம் டென்டன் யோசனை சொன்னார்: மனைவியை அனுப்பு, முடக்க விவகாரத்தைப் பார்க்கும் நாடாளுமன்றக் கமிட்டிக்காரர்களிடம் பெண்கள் போய் நின்றால்தான் இப்போது காரியம் நடக்கிறது. 1646இல் மேரி வெர்னி கடல் கடந்து லண்டன் போனாள், அதுவும் கர்ப்பிணியாக. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். 1647இல் பிள்ளை பிறந்தது. மகன் என்றால் உங்கள் பெயர்தான், மறுக்கக்கூடாது என்று கணவருக்கு முன்பே கட்டளையாக எழுதிவிட்டாள். அப்புறம் கிளேடனுக்குப் போய் வீட்டைப் பார்த்தாள். சுவர் எழுப்பிப் பத்திரப்படுத்திய இறகு மெத்தைகளை எலி தின்றிருந்தது. இறைச்சி வாட்டும் கம்பிகள் துருவேறி இனி எதற்கும் உதவாது என்று எழுதினாள். பண்ணையை நடத்தியவர் புளுவாவில் பேனா பிடித்தவரா, கிளேடனில் எலி எச்சம் கூட்டியவளா? நான் மேரி கட்சி.

1648 ஜனவரியில் முடக்கம் நீங்கியது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு, 1647 இலையுதிர் காலத்தில், புளுவாவில் மகள் பெக் இறந்தாள். இங்கிலாந்தில் அந்தக் கைக்குழந்தை இறந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயம். ஆளுக்கொரு சாவுச் செய்தி, கடலின் இரு கரையிலிருந்தும் கடிதத்தில் புறப்பட்டது.

மேரி 1650இல் புளுவாவிலேயே போய்ச் சேர்ந்தாள். ரால்ஃப் 1653இல் ஊர் திரும்பினார். 1696 வரை வாழ்ந்தும் மறுமணம் செய்யவில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் கடிதத்துக்குத் தபால்தலை உண்டா?
(மாணவி, திருநெல்வேலி)

பதில்: கிடையாது. தபால்தலை வந்தது 1840இல். உறையும் அபூர்வம், எழுதிய தாளையே மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள். காசு கொடுப்பது பெரும்பாலும் வாங்குபவர். தாள் கூடினால் கட்டணமும் கூடும். அதனால்தான் ஓரம் வரைக்கும் நெருக்கி எழுதினார்கள்.

கேள்வி: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? கூட இருந்து பார்த்தீர்களா?
(வாசகர், சேலம்)

பதில்: ரால்ஃப் ஒரு துண்டுத் தாளைக்கூட எறியாத மனிதர். வந்த கடிதத்தோடு, தான் எழுதியதன் வரைவையும் வைத்துக்கொண்டார். இரு நூறு வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பார்த்தினோப், விளக்கேந்திய சீமாட்டி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா, உட்கார்ந்து அவற்றை வாசித்தார். அந்தக் காலத்து என் அலுவலகக் கோப்புகளை நானே இரண்டாம் முறை வாசித்ததில்லை!