கார் உதிரிபாக விசாரணைப் படிவத்தில் எதைக் கேட்க வேண்டும்?

உதிரிபாகக் கடைக்கு இணையத்தில் விசாரணைப் படிவம் வைத்தால், அதில் எதைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்று வினவியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். வண்டியின் பெயரும் ஆண்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் இந்தியாவில் 2018 பிப்ரவரியில் வெளிவந்தது, எனவே ஆர்.சி.யில் 2018 எனப் பதிவான வண்டி, முந்தைய ஆண்டே தயாரான பழைய தலைமுறையாகவும் இருக்கலாம். ஒன்றின் முகப்பு விளக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

சேசிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பக்கூடும் என்பதால் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. அவை தட்டச்சு செய்யப்பட்டால் படிவமே உடனே சுட்டிக்காட்டும்படி அமையுங்கள். மிகப் பழைய வண்டிகளின் எண் குறுகியதாக இருக்கலாம் என்பதால், 17 இல்லையென்று விசாரணையையே மறுத்துவிடாதீர்கள்.

கழற்றிய பாகத்தின் படத்தையும், அதில் பொறித்த பாக எண் தெரியும்படி, இணைக்கச் சொல்லுங்கள். பக்கத்தைக் குறிக்க இடது, வலது என்று கேட்பதைவிட "ஓட்டுநர் பக்கம்", "முன்பயணி பக்கம்" என்று கேட்பதே நல்லது; வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறிவிடும், திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழும்.

விலையைத் தெரிவிக்கும்போது, 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு நடைமுறையில் உள்ள 18 சதவீத ஜிஎஸ்டி அதில் அடக்கமா என்பதையும் எழுதிவிடுங்கள்.