ஒப்பாரியும் ஆலோசனையும்: ராயபுரத்திலிருந்து சில பதில்கள்

பதினெட்டு வருடமாக ராயபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். விபத்து, சாவு, வேலை போவது, வீடு மாறுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகளும் பதில்களும் இவை.

காசிமேடு, ஒரு தங்கை: படகு கவிழ்ந்து என் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து பிழைத்தார். கூடப் போன பங்காளி திரும்பவில்லை. நாலு மாதமாகத் தொழிலுக்குப் போகவில்லை. டீசல் வாடை வந்தாலே வியர்க்கிறது, தூக்கத்தில் அலறுகிறார். சொந்தக்காரர்கள் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்.

அந்தச் சொல்லை இனி யாரும் உங்கள் வீட்டுக்குள் சொல்ல விடாதீர்கள், தங்கச்சி. அன்றைக்கு அவர் உயிரைக் காத்த பதற்றம் இன்னும் அணையவில்லை. டீசல் வாடையும் அந்த ராத்திரியும் உடம்புக்குள் ஒரே முடிச்சாக விழுந்துவிட்டன. முதல் சில வாரம் பலருக்கும் இப்படி இருந்து தானாக அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தையே தவிர்ப்பது எல்லாம் நீடித்துப் பிழைப்பையும் கெடுத்தால் பி.டி.எஸ்.டி.யாக, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலை ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள்.

எடுத்தவுடன் யாரும் கடலுக்குள் அனுப்ப மாட்டார்கள். என்னிடம் வந்த ஒருவர் முதல் வாரம் வலை பின்னும் இடம் வரைதான் வந்தார். அடுத்த வாரம் கரையில் கட்டியிருந்த படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை வியர்த்துக் கயிறே நனைந்தது. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அதனால் தணியும்வரை நிற்கச் சொன்னேன். இருபது நிமிடம் ஆனது. அப்புறம் கயிற்றைத் தானே சுருட்டி வைத்தார். இதைப் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்துதான் செய்ய வேண்டும், வீட்டில் முயல வேண்டாம்.

தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். குடித்து வரும் தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்துவிடும்.

கொருக்குப்பேட்டை: மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

எண்ணூர்: 47 வயது. கம்பெனி மூடிவிட்டார்கள். வெளியே போகவே பிடிக்கவில்லை.

அண்ணா, வேலை போவதும் ஒரு இழப்புதான், துக்கம் வரத்தான் செய்யும். ஆனால் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்துக்கே தினமும் குளித்து வெளியே கிளம்பிவிடுங்கள், டீக்கடை வரைக்குமாவது. புதுத் தொழில் பழகுவதற்கு, வடசென்னை அரசு ஐ.டி.ஐ.யில் உங்கள் வயதுக்கு ஏற்ற குறுகிய காலப் பயிற்சி இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். அது என் துறை இல்லை.

திருவொற்றியூர், தன்னார்வலர்: 2023 வெள்ளத்தின்போது முகாமில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். நல்லதுதானே?

நல்ல மனதோடு செய்திருக்கிறீர்கள். ஆனாலும் இனிமேல் செய்யாதீர்கள். சம்பவம் நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்கிறது. காய்ந்த உடுப்பு, சூடான சோறு, அம்மா பக்கத்தில் இடம், இவைதான் முதலுதவி. பிள்ளை தானாகப் பேசினால் கேளுங்கள்.

வியாசர்பாடி: ஒத்துக்க மாட்டேன் மேடம். அப்பா செத்தப்போ ஒப்பாரி வைத்து அழுதுதான் அம்மா தேறினாங்க. பேசாம அடக்கி வைக்கச் சொல்றீங்களா?

அடக்கச் சொல்லவே இல்லை, தம்பி. ஒப்பாரியைப் பாருங்கள். உங்கள் அம்மா எப்போது பாடுவது, எங்கே நிறுத்துவது என்று அவரே முடிவு செய்தார். தோளைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் தெரிந்த பெண்கள். கருமாதி வரைக்கும் வீட்டில் ஆள் இருந்தது, யாரோ அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். முகாமில் என்ன நடந்தது? முன்பின் தெரியாதவர் கேட்டார், பிள்ளை சொன்னது, சாயங்காலம் அவர் கிளம்பிவிட்டார். ராத்திரி அந்தப் பிள்ளை தனியாகக் கிடந்தது.

வியாசர்பாடி: அப்போ சிகிச்சையில் மட்டும் ஏன் பேச வைக்கிறீங்க?

நியாயமான கேள்வி. அங்கே முதலில், பதற்றம் வந்தால் தன்னை நிதானப்படுத்திக்கொள்ள ஒரு பிடிப்பு ஏற்படுத்துவோம், அப்புறம்தான் சம்பவத்துக்குள் போவோம். எட்டிலிருந்து பன்னிரண்டு அமர்வு வரை ஆகலாம். நிறுத்து என்று சொல்லும் உரிமை வந்தவர் கையில் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு இருந்ததும் அதுதான்.

தண்டையார்பேட்டை: அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, ஏதாவது மாத்திரை பெயர் சொல்லுங்கள்.

மேலே சொல்லிவிட்டேன். மாத்திரை பெயர் கேட்டு இன்னும் ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் அதே பதில்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

இதைப் படித்ததும் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள், யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

காசிமேடு தங்கை, மறுபடியும்: "நான் என்ன பைத்தியமா" என்று வர மறுக்கிறார்.

தூக்கத்துக்குக் காட்டிவிட்டு வருவோம் என்று கூப்பிடுங்கள். அது பொய்யும் ஆகாது, டாக்டர் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்பார். அப்படியும் வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள். நாலு மாதமாக நீங்களும்தான் தூங்கவில்லை.