மனதுக்குள் ஓடும் மீட்டர்

கேள்வி: வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆலோசகர் தொழில் தொடங்கி ஆறு வருடங்கள் ஆகின்றன. சிறு நிறுவனங்களின் கொள்முதல், சரக்கு இருப்பு ஆகியவற்றைச் சீர்செய்து தருகிறேன். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். போன மாதம் ஒரு கிளையன்ட், “ரெண்டே நாள்ல முடிச்சிட்டீங்க, இதுக்கா இவ்வளவு?” என்று கேட்டுவிட்டார். சங்கடப்பட்டுத் தொகையைக் குறைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பென்சில் ஓவியம் வரைவேன். இப்போது வரைய உட்கார்ந்தால், இந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதித்திருக்கலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது, எழுந்துவிடுகிறேன். படங்களை விற்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்கிறேனாம். “நான் உங்க கிளையன்ட் இல்ல” என்கிறார் மனைவி. மறுபடியும் மாதச் சம்பளத்துக்கே போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மாதச் சம்பளத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். கிளையன்ட், பென்சில், மனைவி என்று மூன்று இடத்தில் வலிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று இடத்திலும் ஓடுவது ஒரே மீட்டர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மணிக்கு இவ்வளவு என்று மற்றவர்களுக்குச் சொன்ன விலையை நீங்களே முழுசாக நம்பிவிட்டீர்கள். நானும் பத்தொன்பது வருடமாகத் தனியாளாகத் தொழில் செய்கிறவள். முதல் ஏழு வருடம் இதே மீட்டரோடுதான் படுத்து எழுந்தேன்.

முதலில், நீங்கள் குறைத்துக்கொண்ட தொகை. மணிக்கணக்கில் ஒரு விபரீதம் இருக்கிறது: தொழில் கைவரக் கைவர வருமானம் குறையும். இன்று இரண்டு நாளில் முடித்ததை, தொழில் தொடங்கிய புதிதில் பத்து நாள் இழுத்திருப்பீர்கள். மிச்சமான அந்த எட்டு நாளை உங்கள் ஆறு வருட அனுபவம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. பலனை முழுசாகக் கிளையன்ட்டுக்குத் தூக்கிக் கொடுத்ததோடு, வேகமாக வேலை செய்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோலத் தொகையையும் குறைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கிளையன்ட் கேட்ட கேள்வி புதிதல்ல. 1878-இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஜேம்ஸ் விஸ்லர் என்ற ஓவியர், இரவு வானில் வாணவேடிக்கை சிதறுவதை வரைந்து 200 கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்) விலை வைத்திருந்தார். பெயின்ட் டப்பாவைப் பொதுமக்கள் முகத்தில் வீசிவிட்டு 200 கினி கேட்கிறார் என்று எழுதினார், அன்றைய பெரிய விமர்சகரான ஜான் ரஸ்கின். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்க, இல்லை, வாழ்நாள் முழுக்க உழைத்துப் பெற்ற அறிவுக்குக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். அதே இரண்டு நாள், அதே கேள்வி, பாருங்கள்.

தொழில் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். மீதியையும் சொல்கிறேன். விஸ்லர் வழக்கில் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. ஏற்கெனவே கடன் இருந்தது, வழக்குச் செலவும் சேர்ந்துகொண்டது, 1879-இல் திவாலானார். ஆக, அப்படி ஒரு பதிலை உங்கள் கிளையன்ட்டிடம் நீங்களும் சொல்லியிருக்கலாம், பெரிதாக எதுவும் நடந்திருக்காது. வேலை முடிந்தபிறகு விலையைப் பற்றிப் பேசுவது எப்போதும் வாதாட்டமாகத்தான் முடியும்.

அதனால் மணிக்கணக்கை விடுங்கள். இந்த வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை சொல்லி, தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். எழுதும்போது என்னவெல்லாம் செய்து தருவேன் என்பதைவிட, என்னவெல்லாம் இதில் சேராது என்பதற்கு நாலு வரி கூடுதலாகச் செலவழியுங்கள். மொத்தத் தொகை என்றாலே ‘அப்படியே இதையும் கொஞ்சம் பாத்துடுங்க’ ஆரம்பிக்கும். நான் ஒரு நிறுவனத்துக்கு விற்பனைப் பதிவேடுகளை ஒழுங்குசெய்யப் போனவள், நாலு மாதம் கழித்து அவர்களுடைய ஊழியர்களுக்கு விடுப்புப் படிவம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வேலை எங்கே முடிகிறது என்று நான் எழுதியே கொடுக்கவில்லை.

இன்னும் சில: மூன்றில் ஒரு பங்காவது அட்வான்ஸாக வாங்குங்கள். திருத்தம் எத்தனை முறை என்று குறிப்பிடுங்கள். கோப்புகளைத் திறந்து பார்த்தால்தான் அளவே தெரியும் என்கிற வேலைக்கு மொத்தத் தொகை சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆய்வை மட்டும் முதலில் ஒரு சின்னத் தொகைக்குத் தனி வேலையாகச் செய்துகொடுத்துவிட்டு, அப்புறம் மீதிக்கு விலை சொல்லலாம்.

சரி, பென்சிலுக்கு வருவோம். உங்கள் மனம் போடும் கணக்கு, கணக்காகவே தப்பு. ஞாயிறு மாலை நாலு மணிக்கு உங்களுக்குப் பணம் தர யார் காத்திருந்தார்கள்? தனியாளாகத் தொழில் செய்கிறவர் வேலை தேட வேண்டும், விலைப்புள்ளி அனுப்ப வேண்டும், வராத பணத்துக்கு மூன்றாவது தடவையாக நயமாக நினைவூட்ட வேண்டும், வரிக் கணக்கு பார்க்க வேண்டும். இதில் எதற்கும் பில் போட முடியாது. விழித்திருக்கும் நேரத்தில் உண்மையாக விலைபோவது ஒரு பகுதிதான். மீதியிலும் அதே விலைச்சீட்டை ஒட்டிக்கொண்டு நஷ்டம் நஷ்டம் என்கிறீர்கள். வாங்க ஆளில்லாத சரக்கை முழு விலைக்கு ஏட்டில் காட்டினால் உங்கள் கிளையன்ட்டை நீங்கள் விடுவீர்களா?

விற்கச் சொல்லும் நண்பர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். விற்க ஆரம்பித்தால் ஓவியமும் ஆலோசனைத் தொழிலின் கிளை அலுவலகம் ஆகிவிடும்: ஆர்டர், கெடு, திருத்தம். அமெரிக்க இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸ் பல வருடம் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நடத்தியவர். 1930-இல் அதிலிருந்து ஓய்வு பெற்றார். மாலையிலும் வார இறுதியிலும் எழுதிய இசை காதுக்கு அவ்வளவு விநோதமாக இருந்தது, பல வருடம் மேடையேறவே இல்லை. முப்பது வருடங்களுக்கும் முன்பு எழுதி வைத்த ஒரு சிம்பொனிக்கு 1947-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு இருக்கட்டும், அது எல்லோருக்கும் வராது. வீட்டுச் செலவுக்கு இசையை எதிர்பார்க்காததால், யாருடைய முகத்துக்காகவும் ஒரு சுரத்தைக்கூட மாற்றத் தேவையில்லாமல் இருந்தாரே, அந்த வசதி எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்கள் தொழில் உங்களுக்கும் அதைத் தருகிறது.

இன்னொரு பக்கம் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரொலோப் இருக்கிறார். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களாக எழுதிக் குவித்தவர். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவாராம். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த முறை உங்களுக்கு ஆகாது. கடிகாரத்தைப் பார்த்த உடனே உங்கள் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். அவரிடமிருந்து விடியற்காலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போனைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கம் வரையுங்கள், அரைப் பக்கம் என்றாலும் போதும். எவ்வளவு முடிந்தது என்பது பக்கக் கணக்காக இருக்கட்டும், மணிக்கணக்காக வேண்டாம். முதல் சில வாரம் படம் மோசமாகத்தான் வரும், கை துருப்பிடித்திருக்கும்.

வீட்டு விஷயத்தில் நீளமாகப் பேச எனக்குத் தகுதி இல்லை. என் வீட்டிலும் இதே புகார் உண்டு. யார் எதைச் சொன்னாலும் காரணம், தீர்வு, காலக்கெடு என்று மூன்றையும் அடுக்கிவிடுவது நம் தொழில் வியாதி. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். புதுக் கிளையன்ட் என்றால் முதல் சந்திப்பில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் கேட்பீர்கள். மனைவி ஒரு வாக்கியம் முடிக்கும் முன்பே ஆலோசனை வந்துவிடுகிறது. அவர் கிளையன்ட்டாக இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரமாவது கிடைத்திருக்கும்! அவர் சொன்னதை நான் அப்படித்தான் படித்தேன்.

சம்பள வேலையை நான் தாழ்வாக நினைப்பவள் இல்லை. காய்ச்சலில் படுத்தால்கூடப் பணம் வரும் என்பது சின்ன விஷயமா? அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்ற யோசனையில் பல மாதமாகத் தூக்கம் போயிருந்தால் தாராளமாகப் போங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. வேலை வருகிறது, நன்றாகவும் செய்கிறீர்கள்.

அதனால் இப்போதைக்கு விலை சொல்லும் முறையை மட்டும் மாற்றுங்கள். பழைய கிளையன்ட்டுகளிடம் நடுவில் போய்க் குழப்ப வேண்டாம்; நடக்கும் ஒப்பந்தம் முடியட்டும். புதிதாக வருகிறவரிடமிருந்து தொடங்குங்கள். போன மாதம் குறைத்த தொகையைத் திரும்பக் கேட்க முடியாது, அதை விட்டுவிடுங்கள். அந்த மனிதர் மறுபடி கூப்பிடுவார், இரண்டு நாளில் வேலையை முடித்துத் தருகிறவரை யாரும் சுலபத்தில் விடமாட்டார்கள். அப்போது தொகையை மட்டும் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், எந்தத் தேதிக்குக் கையில் கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள்.