96 குழி ஆய்வகத் தட்டின் லேஅவுட் ஃபைலை ஆர் நிரல்மொழியில் சேர்ப்பது எப்படி?

எக்செலில் தட்டு வடிவிலேயே எழுதிய மாதிரிப் பெயர்களை, தட்டை அளக்கும் கருவியான ரீடரின் அளவீடுகளோடு இணைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணுக்கு 8 வரிசை, 12 நெடுவரிசை வசதிதான். கணக்குக்கோ ஒரு குழிக்கு ஒரு வரி வேண்டும். சிஎஸ்வி-யாகச் சேமித்து, டைடிஆர் தொகுப்பின் பிவட்_லாங்கர் கொண்டு 96 வரிகளாக நீட்டுங்கள். அப்புறம் வரிசை எழுத்தையும் நெடுவரிசை எண்ணையும் ஒட்டினால் குழிப்பெயர் தயார்.

வழுக்கி விழுவது இங்கேதான்: லேஅவுட்டில் 'ஏ1', ரீடர் ஃபைலில் 'ஏ01'. இரண்டையும் குழிப்பெயர் வழியே இணைக்கும் லெஃப்ட்_ஜாயின் பிழை காட்டாது. 10, 11, 12 நெடுவரிசைகள் மட்டும் பொருந்தி, மீதி 72 குழிகளில் பேசாமல் என்ஏ (மதிப்பு இல்லை) விழும். ஒரு மாலை முழுக்க இதைத் தேடியிருக்கிறேன். இரண்டையும் 'ஏ01' ஆக்கிவிடுங்கள். வரிசைப்படுத்தும்போது 'ஏ1'க்கு அடுத்து 'ஏ10' வந்து நிற்கும் தொல்லையும் தீரும்.

மாதிரி இல்லாமல் பஃபர் கரைசல் மட்டும் உள்ள குழிக்கு 'பிளாங்க்' என்றே எழுதுங்கள். பின்னணியைக் கழிக்க அது வேண்டும்.